ஊர் சுற்றியவரும் ஊரில் இருப்பவரும்: பெண் எழுத்தாளர்களின் சிறார் கதைகளில் பயணம்

குழந்தைகளுக்காக எழுதிய பெண்களுள், தாம் மேற்கொண்ட பயணங்களையே கதைக்கு மூலப்பொருளாக்கிக் கொண்டவர்களின் வரிசை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீள்கிறது. ஸ்வீடனின் செல்மா லாகர்லேவ் தொடங்கி அமெரிக்காவின் லோயிஸ் லென்ஸ்கி, இந்தியாவின் அனிதா தேசாய், கனடாவின் டெபோரா எல்லிஸ் வரை இவர்களுடைய நூல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, ஊர் சுற்றும் விருப்பம் ஒன்றே நல்ல கதையைத் தந்துவிடுவதில்லை என்பதும், பயணி எந்த அளவுக்குக் கதையை விட்டு ஒதுங்கி நிற்கிறாரோ அந்த அளவுக்கு அவர் கண்ட ஊர் கதைக்குள் துலங்குகிறது என்பதும் புலனாகின்றன. பெரியவர்களுக்கான பயண நூலில் பயணியே நாயகர். அவர் வியந்ததும் களைத்ததும் உண்டதுமே அங்குச் செய்தி. சிறார் கதையிலோ நாயகர் குழந்தை. எழுத்தாளர் கண்டதைத் தானும் காண்பதற்கு அக்குழந்தைக்கு ஒரு காரணம் வேண்டும். பணமும் ஓய்வும் கடவுச்சீட்டும் உள்ள ஒருவர் விரும்பி ஓரூருக்குச் செல்வதற்கும், அதே ஊரில் பிறந்து பருத்தியோ நிலக்கரியோ பொறுக்கும் குழந்தை வேறு வழியின்றி அங்கு இருப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை எப்படிக் கடப்பது என்பதே இவ்வகை எழுத்தின் முதற்சிக்கல்.

இம்மரபின் தலையூற்றாகக் கொள்ளத்தக்க நூல் ஒரு பாடநூலாக எழுதப்பட்டது என்பது கவனத்திற்குரியது. 1902இல் ஸ்வீடனின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தார், நாட்டின் நில அமைப்பையும் விலங்குகளையும் தொழில்களையும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்கும்படி ஒரு வாசகப் புத்தகம் எழுதித் தருமாறு செல்மா லாகர்லேவைக் கேட்டுக்கொண்டனர். 1858இல் வேர்ம்லாந்து மாநிலத்து மோர்பாக்கா பண்ணையில் பிறந்த அவர், லாண்ட்ஸ்க்ரூனா நகரில் பெண்கள் பள்ளியொன்றில் பத்தாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1891இல் வெளியான முதல் நாவலால் பெயர் பெற்று, பயண நல்கை கிடைத்தவுடன் வேலையை விட்டவர். தோழியும் எழுத்தாளருமான சோஃபி எல்கானுடன் இத்தாலிக்குச் சென்ற பயணத்திலிருந்து சிசிலித் தீவைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்று பிறந்தது. 1899இலும் 1900இலுமாக எகிப்து, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளுக்குச் சென்ற பயணத்தில், சமய நம்பிக்கையால் உந்தப்பட்டுத் தலார்னா மாநிலத்திலிருந்து எருசலேமுக்குக் குடிபெயர்ந்திருந்த ஸ்வீடிய உழவர்களை நேரில் கண்டதன் விளைவாக இரண்டு பாகங்கள் கொண்ட 'எருசலேம்' நாவல் உருவானது. குழந்தைப் பருவத்திலேயே இடுப்பு மூட்டுக் கோளாறால் நடை பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் விந்தி விந்தியே நடந்த ஒருவர் இத்தனை தொலைவு சென்று வந்தார் என்பதை நினைவிற்கொள்வது அவருடைய சிறார் நூலை அணுகவும் உதவும்.

சங்கத்தார் கேட்ட நூலுக்காக அவர் பல ஆண்டுகள் உழைத்தார். நாடெங்குமிருந்து கிடைத்த நிலவியல், விலங்கியல், நாட்டார் வழக்காற்றுச் செய்திகளைப் படித்ததோடு அமையாமல், 1904 கோடையில் நாட்டின் வடபகுதி வரை தாமே சென்று வந்தார். இவ்வளவு செய்தியையும் பாடமாக்காமல் கதையாக்குவது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த 'நீல்ஸ் ஹோல்கெர்சனின் வியத்தகு ஸ்வீடன் பயணம்'. தென்கோடியிலுள்ள ஸ்கோனே மாநிலத்தில், சோம்பலும் விலங்குகளை வதைக்கும் குணமும் கொண்ட பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பண்ணை வீட்டைக் காக்கும் 'டொம்டெ' எனப்படும் குள்ளத் தெய்வத்தைச் சீண்டியதால் தானும் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கி, வீட்டு ஆண்வாத்தின் முதுகில் ஏறிக்கொண்டு, வடக்கே செல்லும் காட்டு வாத்துக் கூட்டத்தோடு நாடு முழுவதையும் சுற்றி வருகிறான். வளர்ப்பு வாத்தொன்று காட்டு வாத்துகளுடன் பறந்து போய்ப் பின்னர்த் துணையோடு திரும்பி வந்த கதை மோர்பாக்காவில் வழங்கிவந்தது. விலங்குகள் பேசித் தம் சட்டப்படி வாழும் முறைக்கு ரட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் தூண்டுதலாக இருந்தன என்பதும் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி.

இக்கதையமைப்பின் நுட்பம் அதன் உயர அளவுகளில் இருக்கிறது. வாத்தின் முதுகில் இருக்கும்போது நீல்ஸுக்கு நிலம் ஒரு வரைபடமாகத் தெரிகிறது. ஸ்கோனேயின் வயல்கள் அவன் கண்ணுக்குக் கட்டம் போட்ட துணியாக விரிகின்றன. தரையிறங்கியதும் அவன் எலியினும் சற்றே பெரியவன். நரியும் பூனையும் காகமும் அவனுக்கு உயிராபத்து. ஆசிரியர்கள் கரும்பலகையில் தொங்கவிடும் நாட்டுப்படத்தையும், ஒரு குழந்தை தன் உடம்பால் உணரும் நிலத்தையும் ஒரே கதையில் மாறி மாறிக் காட்ட இந்த ஏற்பாடு வழிசெய்கிறது. பெரியவர் ஒருவரின் சுற்றுப்பயணத்தைச் சிறுவன் ஒருவனுக்கு அப்படியே மாட்டிவிடாமல், பறவைகளின் வலசையை, அதாவது பருவந்தோறும் இடம்பெயரும் இயல்பை, பயணத்திற்குக் காரணமாக்கியதால், ஏன் இந்த ஊருக்கு அடுத்து அந்த ஊர் என்று வாசகர் கேட்க வேண்டிய நிலையும் ஏற்படவில்லை. விந்தி நடந்த ஆசிரியர் தம் நாயகனைப் பறக்க விட்டார் என்று உளவியல் நோக்கில் சொல்லுவது எளிது; ஆனால் நூலில் பறத்தலை விட ஆழமாகப் பதிவது நடத்தல்தான் என்பதால் அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

அந்த நடத்தல் ஓசா, மாட்ஸ் என்னும் அக்காள் தம்பியருடையது. ஸ்மோலாந்தைச் சேர்ந்த இவ்வேழைப் பிள்ளைகளின் தாயும் உடன்பிறந்தோரும் நோயில் மாண்டுவிட, துயரம் தாளாமல் வீட்டை விட்டுப் போன தந்தையைத் தேடி இருவரும் தெற்கிலிருந்து வடகோடிச் சுரங்க ஊரான மால்ம்பெரியெட் வரை செல்கின்றனர். வீட்டில் நேர்ந்த சாவுகளுக்குக் காரணம் சாபமன்று, காசநோய் என்பதை வழியில் அறிகின்றனர்; தொற்றைப் பற்றிய அறிவைப் பாடநூல் புகட்ட வேண்டிய இடத்தில் கதை புகட்டுகிறது. சுரங்க ஊரில் வெடிவிபத்தில் மாட்ஸ் இறந்துபோக, பெரியவர் ஒருவருக்குச் செய்வது போன்ற இறுதி மரியாதையைத் தன் தம்பிக்கும் செய்தாக வேண்டும் என்று ஓசா சுரங்க அதிகாரியிடம் நேரில் சென்று வாதாடிப் பெறுகிறாள். பாடநூல் எழுதக் கேட்டவர்கள் இப்பகுதியை எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. நீல்ஸ் கண்டு திரும்பும் நாடும், இவ்விருவர் காலால் அளந்து இழப்போடு அடையும் நாடும் ஒன்றே. பயணம் விளையாட்டாகும் குழந்தையையும் பயணம் பிழைப்பாகும் குழந்தையையும் ஒரே நூலில் வைத்ததே லாகர்லேவின் பெருஞ்சாதனை. பின்னர் வந்த எழுத்தாளர் பலர் இவற்றுள் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

நூலின் குறைகளும் பயணத்தோடு தொடர்புடையவையே. ஹால்லாந்து மாநிலம் ஏறத்தாழத் தொடப்படாமலே போனது அம்மாநிலத்தாருக்கு நெடுங்கால மனக்குறை. வடகோடியில் கலைமான் மேய்த்து வாழும் பூர்வகுடிகளான சாமி மக்கள், தெற்கிலிருந்து வந்தவரின் கண்ணுக்குப் பட்ட அளவிலேயே, விருந்தோம்பும் வேற்று மனிதர்களாகத் தோன்றுகின்றனர். இவற்றுக்கு எதிர்முனையில், நீல்ஸ் மோர்பாக்காவுக்கு வந்து சேரும் அத்தியாயத்தில் ஆசிரியரே ஒரு பாத்திரமாகத் தோன்றித் தம் பழைய வீட்டில் அச்சிறுவனைச் சந்திப்பது, நூல் முழுவதும் ஒளிந்திருந்த பயணி ஒரே ஒரு முறை வெளிப்படும் இடம். அதுவும் அவர் பிறந்த ஊரிலேயே நிகழ்கிறது என்பதால் அந்தத் தோற்றம் உறுத்தவில்லை. இதே பாடநூல் வரிசைக்காக, நடு ஆசியப் பாலைவனங்களையும் திபெத்தையும் கடந்த புகழ்பெற்ற நிலத் தேட்டக்காரர் ஸ்வென் ஹெடின் எழுதிய 'துருவத்திலிருந்து துருவம் வரை' 1911இல் வெளிவந்தது. பயணம் என்று பார்த்தால் ஹெடினுக்கு முன்னால் லாகர்லேவ் நிற்க முடியாது. இன்று குழந்தைகள் அறிந்திருப்பது நீல்ஸைத்தான். 1909இல் இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணாகிய லாகர்லேவின் உருவம் 1991 முதல் ஸ்வீடனின் இருபது க்ரோனா தாளிலும், வாத்தின் மேல் அமர்ந்த நீல்ஸ் அதன் பின்புறத்திலும் இடம்பெற்றிருந்தனர்.

அட்லாண்டிக்குக்கு அப்பால், இம்மரபு வேறொரு வடிவம் எடுத்தது. 1911இல் 'டச்சு இரட்டையர்' நூலோடு தொடங்கிய லூசி ஃபிட்ச் பெர்கின்ஸின் இரட்டையர் வரிசை போன்றவை, ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆண் குழந்தை, ஒரு பெண் குழந்தை என்று வகுத்துக்கொண்டு, மரச் செருப்பு, காற்றாலை, பண்டிகை உடை ஆகியவற்றால் உலகத்தை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தன. நல்லெண்ணத்தில் குறைவில்லாத இந்நூல்களில் அயல்நாட்டுக் குழந்தை எப்போதும் திருவிழாவுக்கு உடுத்தியவாறே இருப்பதாகத் தோன்றும். இந்தப் போக்குக்கு மாற்றாக அமைந்தவை லோயிஸ் லென்ஸ்கியின் வட்டாரக் கதைகள். வட்டாரக் கதை என்பது ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் தொழில், பேச்சு, உணவு, வறுமை ஆகியவற்றிலிருந்தே நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளும் கதை. அயல்நாடுகளைத் தேடிப் போகாமல் தம் நாட்டுக்குள்ளேயே நகரவாசிகள் அறியாத மக்களிடம் லென்ஸ்கி சென்றார்.

1893இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, ஓவியராகப் பயிற்சி பெற்ற லென்ஸ்கி, உடல்நலம் கருதிக் குளிர்காலங்களைத் தென் மாநிலங்களில் கழிக்கத் தொடங்கிய 1940களில்தான் இத்துறைக்கு வந்தார். லூயிசியானாவின் சதுப்பு நில மக்களைப் பற்றிய 'பாயூ சூசெட்' 1943இல் வெளிவந்தது. ஃபுளோரிடாவின் உள்நாட்டு ஏழை வெள்ளையரைப் பற்றிய 'ஸ்ட்ராபெரி கேர்ள்' 1945இல் வெளிவந்து, சிறந்த சிறார் நூலுக்காக அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் நியூபெரி பதக்கத்தை அடுத்த ஆண்டில் பெற்றது. அவருடைய முறை எளியது: சாலையோரத்திலோ வயல் வரப்பிலோ அமர்ந்து படம் வரையத் தொடங்குவார், வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் கூடுவர், அவர்களைத் தேடித் தாய்மார் வருவர், பேச்சு வளரும். எழுதுவதற்கு முன்னே வரைந்ததால், வேலி எப்படிக் கட்டப்பட்டது, பெட்டியில் பழம் எப்படி அடுக்கப்பட்டது, கோணிப்பை தோளில் எப்படித் தொங்கியது என்பன அவர் கதைகளில் பிசகுவதில்லை. 'ஸ்ட்ராபெரி கேர்ள்' நூலின் மையச் சண்டையே வேலியைப் பற்றியது: மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தே பழகிய ஸ்லேட்டர் குடும்பத்துக்கும், புதிதாக வந்து வேலி கட்டிப் பழம் பயிரிடும் பாயர் குடும்பத்துக்கும் இடையில் எழும் பகை, மேய்ச்சல் நிலம் தோட்டமாக மாறிய ஒரு காலகட்டத்தின் பொருளாதார வரலாற்றை விளக்கவுரை எதுவுமின்றிக் குழந்தைக்கு உணர்த்திவிடுகிறது.

1947இல் வெளியான 'ஜூடியின் பயணம்' இக்கட்டுரையின் நோக்கில் லென்ஸ்கியின் முதன்மையான நூல். அலபாமாவில் வாரத்துக்குப் பயிரிடும், அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுத்து உழும் குடும்பமொன்று நிலத்தை விட்டு வெளியேறி, பழைய கார் ஒன்றில் ஏறிக்கொண்டு, பயிர் விளையும் இடமெல்லாம் கூலிக்குப் பறிக்கும் புலம்பெயர் தொழிலாளராக, ஃபுளோரிடாவிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே நியூ ஜெர்சி வரை செல்கிறது. பயணத்தை விரும்பிய எழுத்தாளர், பயணத்தை வெறுப்பதற்கு எல்லா நியாயமும் உள்ள ஒரு சிறுமியை நாயகியாக்கினார். நிலையான வீடும் தொடர்ந்து செல்லப் பள்ளியும் வேண்டும் என்பதே ஜூடியின் ஏக்கம். ஓசாவும் மாட்ஸும் ஸ்வீடனில் நடந்த பாதையின் தொடர்ச்சி இங்கே தெரிகிறது. லென்ஸ்கி நீல்ஸை நினைத்துக்கொண்டுதான் எழுதினாரா என்ற ஆராய்ச்சிக்கு இங்கு அவசியமில்லை. இருவரும் வழியில் கண்ட பிள்ளைகளின் நிலைமையே இருவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

ஆர்கன்சாவின் பருத்தி வயல்களைப் பற்றிய 'காட்டன் இன் மை சாக்' (1949) உருவான விதம் மேலும் ஒரு படி. லென்ஸ்கியின் கதையொன்றை வானொலியில் கேட்ட யார்ப்ரோ என்ற சிற்றூரின் பள்ளிப் பிள்ளைகள், தங்களைப் பற்றியும் எழுத வருமாறு அவருக்குக் கடிதம் எழுதினர்; அவரும் சென்று, பருத்தி எடுக்கும் குடும்பங்களிடையே இருந்து அந்நூலை எழுதினார். வழக்கமாக எழுத்தாளரே ஊரைத் தேர்ந்தெடுப்பார். இங்கே ஊர்ப் பிள்ளைகள் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தனர். இத்தகைய நெருக்கத்துக்கும் எல்லை இருந்தது. தென் மாநிலங்களின் வயல்களையும் தோட்டங்களையும் உழைப்பால் நிரப்பிய கறுப்பின மக்கள் அவருடைய தொடக்க நூல்களில் அரிதாகவே தென்படுகின்றனர். 1953இல் வெளியான 'மாமா ஹேட்டிஸ் கேர்ள்' வரை அவர்களில் ஒரு குழந்தை மையத்துக்கு வரவில்லை. நிறப் பிரிவினை சட்டமாகவே நிலவிய காலத்தில் ஒரு வெள்ளைப் பெண் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் வரைய முடிந்தது என்பதும் அவருடைய நூல்களின் எல்லையைத் தீர்மானித்தது.

அதே காலத்தில் ஸ்வீடனில் பயணமும் எழுத்தும் இரு வேறு பெண்களுக்குள் பிரிந்தன. ரஷ்யாவில் பிறந்து ஸ்டாக்ஹோமில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் அன்னா ரிவ்கின், வடபுலத்துச் சாமி சிறுமி ஒருத்தியைப் படமெடுத்து, எல்லி யான்னெஸ் எழுதிய உரையுடன் 1951இல் வெளியிட்ட 'எல்லே காரி', பல மொழிகளுக்குச் சென்றது. அதைத் தொடர்ந்து உலகக் குழந்தைகளைப் பற்றிய ஒரு வரிசை தொடங்க, ரிவ்கின் கொண்டுவந்த படங்களுக்கு அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் உரை எழுதினார். ஜப்பானைப் பற்றிய நூல் 1956இலும், கிளிமஞ்சாரோ மலைச் சிறுமி சியாவைப் பற்றியது 1958இலும், நோய் என்னும் தாய்லாந்துச் சிறுமியைப் பற்றியது 1966இலும் வந்தன. பிப்பி என்னும் அடங்காச் சிறுமியைப் படைத்த அதே கை எழுதிய இவ்வுரைகள் கனிவானவை, ஆனால் மெலிந்தவை. படம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால் எழுத்து அதற்கு விளக்கமாகவே ஒடுங்குகிறது. படத்துக்கு வெளியே அதிலுள்ள குழந்தையின் வீட்டில் என்ன பேசினர், எதற்கு அஞ்சினர் என்பதற்கு இடமில்லை. லிண்ட்கிரென் தாமே பயணம் செய்து எழுதிய நூல்களை இவற்றோடு ஒப்பிட வேண்டும். 1948இல் ஒரு பெண்கள் இதழுக்காக அமெரிக்கா சென்றபோது கண்டவற்றை வைத்து அவர் எழுதிய 'காட்டி அமெரிக்காவில்' (1950), அங்கு நிலவிய நிறவெறியைக் கூசாமல் பேசுகிறது. இளம்பெண் காட்டியோ கடைசிவரை ஸ்வீடியச் சுற்றுலாப் பயணியாகவே இருக்கிறாள்; அதனால் அந்த நூலில் கலகலப்பு உண்டு, ஆழம் குறைவு. குழந்தை இலக்கிய வரலாற்றில் லிண்ட்கிரெனுக்கு உள்ள இடம் பயணத்தால் வந்ததன்று, அவர் பிறந்த விம்மர்பி வட்டாரத்தால் வந்தது என்பதை இவ்விரு வகை நூல்களும் எதிர்மறையாக உறுதிசெய்கின்றன. (2015இல் இருபது க்ரோனா தாளில் லாகர்லேவின் இடத்துக்கு வந்தவரும் இவரே.)

அப்படியானால் போகாமலே எழுத முடியாதா என்று கேட்கலாம். எழுத முடியும் என்பதற்கு ஈவா இபாட்சனின் 'ஜர்னி டு தி ரிவர் சீ' (2001) போதிய சான்று. வியன்னாவில் 1925இல் பிறந்து, நாஜிகளின் எழுச்சிக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இபாட்சன், அமேசான் காட்டுக்குப் போனதே இல்லை. 1910இன் மனாவுஸ் நகரத்துக்கு அனுப்பப்படும் அநாதைச் சிறுமி மாயாவின் கதையில், ரப்பர் வணிகத்தால் கொழுத்த அந்நகரமும் ஆறும் காடும், பிள்ளைப் பருவத்தில் புத்தகங்களால் கற்பனை செய்துகொண்ட சொர்க்கமாக ஒளிர்கின்றன. காட்டை வெறுத்து, பூச்சிக்கொல்லி மருந்தடித்து, இங்கிலாந்திலிருந்து வந்த டப்பா உணவையே உண்ணும் கார்ட்டர் குடும்பத்தை எள்ளி நகையாடும்போது அவர் கேலி செய்வது பயணம் போயும் எங்கும் போகாதவர்களை. சொந்த நகரத்தை இழந்து அயலில் வேர்விட்ட ஒருவருக்கு, புதிய இடத்தை விரும்பக் கற்றுக்கொள்ளும் குழந்தையின் மனத்தை அறிய அமேசான் வரை செல்லத் தேவையிருக்கவில்லை. இதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அதே காட்டைக் களமாகக் கொண்டு 'தி எக்ஸ்ப்ளோரர்' (2017) எழுதிய கேத்தரின் ரண்டெல், நேரில் சென்று பிரானா மீன் பிடித்துத் திரும்பியவர்; டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தியையும் தின்று பார்த்தவர். சிலந்தியைச் சுட்டுத் தின்னும் காட்சியில் நாக்கின் உண்மை இருக்கிறது. முழு நூலையும் வைத்துப் பார்த்தால், விமானம் விழுந்து காட்டில் சிக்கும் நான்கு பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்க, காட்டில் வாழும் மக்கள் பின்னணியிலேயே நின்றுவிடுவதால், போய் வந்தவரின் அமேசானும் போகாதவரின் அமேசானும் அவ்வளவு வேறுபடவில்லை. இரண்டும் சாகசக் கதைகள். சாகசக் கதைக்கு இடம் ஒரு மேடை. உண்மை நிலவரம் இதுதான் என்று வாக்களிக்கும் கதைக்கே எழுத்தாளர் அங்கு இருந்தாக வேண்டிய கட்டாயம் எழுகிறது.

இந்தியாவில் அவ்வாக்கைக் காப்பாற்றிய நூலாக அனிதா தேசாயின் 'தி வில்லேஜ் பை தி சீ' (1982) நிற்கிறது. மும்பைக்குத் தெற்கே, அலிபாகை அடுத்த தூல் என்னும் கடற்கரைக் கிராமத்தில், குடிகாரத் தந்தைக்கும் படுத்த படுக்கையான தாய்க்கும் பிள்ளைகளாகிய லீலாவும் ஹரியும் குடும்பத்தைத் தாங்கும் கதை இது. அங்கு உண்மையாகவே எழுந்த உரத் தொழிற்சாலைத் திட்டம் கதையின் நடுவில் நிற்கிறது. அதை எதிர்த்து மும்பைக்குப் போன ஊர்க்கூட்டத்தோடு கிளம்பும் ஹரி, அங்கேயே தங்கி ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்து, பக்கத்துக் கடைக்காரரிடம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறான். தேசாய் அவ்வூருக்கு விடுமுறைக்கு வந்து போனவர். அந்த நிலையை அவர் மறைக்கவில்லை: மும்பையிலிருந்து காரில் வந்து கடற்கரை வீட்டில் தங்கும் டி சில்வா குடும்பம் கதையில் இடம்பெறுகிறது. ஆனால் பார்வை அவர்களிடம் இல்லை. அவர்கள் வந்தால் லீலாவுக்கு வீட்டு வேலையும் கூலியும் கிடைக்கும், போனால் மீண்டும் பட்டினி என்ற கணக்கில்தான் வாசகர் அவர்களைப் பார்க்கிறார். விருந்தாளியை ஊரார் கண்ணால் பார்க்க வைத்த இந்த இடமாற்றம் இத்துறையில் அரிது. பறவைகளைப் பார்க்க வரும் முதியவர் சையத் அலியும் அவ்வாறே. அருகிலுள்ள கிஹிம் கடற்கரையோடு பறவையியலாளர் சாலிம் அலிக்கு இருந்த தொடர்பை அறிந்தவர்கள் இப்பாத்திரத்தின் மூலத்தை எளிதில் கண்டுகொள்வர். இந்நூலுக்கு 1983இல் கார்டியன் சிறார் புனைகதைப் பரிசு கிடைத்தது.

இம்மரபின் அண்மைக்கால எல்லையில் டெபோரா எல்லிஸ் இருக்கிறார். 1960இல் ஒன்டாரியோவில் பிறந்து, போர் எதிர்ப்பு இயக்கங்களில் ஈடுபட்டு, மனநல ஆலோசகராகப் பணியாற்றிய அவர், 1990களின் பிற்பகுதியில் பாகிஸ்தானின் ஆப்கானிய அகதி முகாம்களுக்குச் சென்றது சிறார் கதை எழுதுவதற்காக அன்று. போரில் சிக்கிய பெண்களின் வாய்மொழிகளைத் தொகுப்பதற்காக. முகாமில் கேட்ட செய்திகளில் ஒன்று, பெண்கள் வெளியே நடமாடத் தடை இருந்த தாலிபன் காலத்துக் காபூலில், தலைமுடியை வெட்டி ஆண் உடை உடுத்திக் குடும்பத்துக்குச் சம்பாதித்த சிறுமியைப் பற்றியது. அதுவே 2000இல் வெளியான 'தி பிரெட்வின்னர்' நூலின் பர்வானா ஆயிற்று. பர்வானாவின் கதை 2002, 2003, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த நூல்களில் தொடர்ந்தது. 2017இல் நோரா டூமி இயக்கிய இயங்குபடமாகவும் வெளிவந்தது. நூல் வருவாயை ஆப்கானியப் பெண்களின் கல்விக்கும் பிற தொண்டுகளுக்கும் எல்லிஸ் அளித்துவந்தார். காபூலை அவர் அகதிகளின் நினைவுகள் வழியாகவே கட்டினார் என்பதை நூலின் வலிமையாகவும் குறையாகவும் கொள்ளலாம்: சந்தையில் கடிதம் வாசித்துக் கொடுக்கும் பர்வானாவின் அச்சம் கண்முன் நிற்கிறது, தெருக்களின் மணமும் அண்டை வீட்டாரின் வேடிக்கைப் பேச்சும் அவ்வளவாக இல்லை. முகாமில் இருப்பவர் அயலாரிடம் சொல்லுவது பெரும்பாலும் தாம் பட்ட துன்பத்தைத்தான். தம் ஊரில் சிரித்ததைச் சொல்ல யாரும் அங்குக் கேட்பதில்லை. மேற்குலகப் பிள்ளைகள் ஆப்கானிஸ்தானை இரக்கத்துக்குரிய இடமாக மட்டுமே அறிய இந்நூல் காரணமாயிற்று என்ற விமரிசனத்தின் வேர் இங்கே இருக்கிறது.

எல்லிஸ் தம்மை மேலும் மேலும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். 2004இல் வெளியான 'த்ரீ விஷ்ஷஸ்', கதையே இல்லாமல் பாலஸ்தீன, இஸ்ரேலியக் குழந்தைகளின் பேச்சை அவர்கள் வாய்மொழியாகவே தருகிறது. கேள்விகள் கூட நீக்கப்பட்டு, சிறு அறிமுகக் குறிப்புகள் மட்டுமே எஞ்சியுள்ளன. பயணி முற்றிலும் மறைந்த இந்த நூலே அதிக எதிர்ப்பையும் சந்தித்தது. 2006இல் ஒன்டாரியோவின் சில பள்ளி வாரியங்கள் இளைய வகுப்பினருக்கு அதைக் கட்டுப்படுத்தின. ஒரு குழந்தை தன் அயலாரைப் பற்றி வெறுப்போடு பேசுவதைக் கதையின் சமாதானம் ஏதுமின்றிப் பிற குழந்தைகள் கேட்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

மீண்டும் புனைவுக்குத் திரும்பி 2011இல் அவர் வெளியிட்ட 'நோ ஆர்டினரி டே' இந்தியாவில் நிகழ்வது. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வட்டாரத்தில் கரி பொறுக்கி வாழும் அநாதைச் சிறுமி, தன்னை வளர்த்த வீடு தன் உறவே அன்று என்று அறிந்ததும் கரி லாரியில் ஏறிக் கொல்கத்தாவுக்குப் போய்விடுகிறாள். சூடான கரியின் மேல் நடந்தும் வலிக்காத தன் பாதங்களை ஒரு தனி ஆற்றலாகவே அவள் எண்ணியிருக்க, அது தொழுநோயின் அறிகுறி என்பது பின்னர்த் தெரியவருகிறது. உணர்விழந்த பாதத்தோடு ஊர்விட்டு ஊர் போகும் ஒரு குழந்தையைப் படைத்தது, இம்மரபில் இதுவரை வந்த பயணிகளுள் மிகக் கூர்மையான கற்பனை. தொழுநோய் குணமாகக்கூடியது என்ற செய்தி, லாகர்லேவ் காசநோயைப் பற்றிச் சொன்ன அதே முறையில், கதையின் போக்கிலேயே வாசகரைச் சேர்கிறது. ஆயினும் அச்சிறுமிக்கு எல்லிஸ் இட்ட பெயர் வள்ளி. முருகன் கோயில் உள்ள ஊர்களிலெல்லாம் வழங்கும் பெயர், தன்பாத் அருகிலுள்ள சுரங்கக் குடியிருப்பில் எப்படி வந்தது என்று தமிழ் வாசகர் முதல் பக்கத்திலேயே தடுக்கி நிற்பார். தெற்கிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் என்று அவராக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டால்தான் மேலே செல்ல முடியும். டொரன்டோவிலோ லண்டனிலோ அந்நூலைப் படிக்கும் பிள்ளைக்கு இத்தடங்கல் நேராது. யாருக்காக அந்த ஊர் எழுதப்பட்டது என்ற கேள்வியை, லென்ஸ்கியைக் கடிதம் எழுதி அழைத்த யார்ப்ரோ பள்ளிப் பிள்ளைகளைப் போல ஜாரியாவின் பிள்ளைகள் கேட்கும் வாய்ப்பு அந்நூலுக்கு இன்னும் நேரவில்லை.